ஒரே ஓர் எழுத்து மாறினால் புரதம் உடைந்துவிடுகிறதா?

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். சென்ற வாரம் சடுதிமாற்றப் பாடத்தில், எல்லா ஆசிரியர்களையும்போல நானும் கதிர் அரிவாள் இரத்தசோகையை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஜிஏஜி என்ற கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்துகள்) ஜிடிஜி ஆகிறது, 6ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் வருகிறது, அதனால் புரதத்தின் அமைப்பு கெட்டுச் செயலும் கெடுகிறது என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். அப்போது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, புற்றுநோயும் சடுதிமாற்றத்தால்தான் வருகிறது என்றால், அங்கேயும் புரதம் கெட்டுத்தானே போகும்? கெட்டுப்போன புரதத்தால் செல் சாகத்தானே வேண்டும், ஏன் வளர்கிறது?" என்று கேட்டாள்.

நேர்மையாகச் சொன்னால், என்னிடம் சரியான விடை இல்லை. "நாளை சொல்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் தேடிப் படித்தபோது குழப்பம் கூடியது. ராஸ் என்ற புரதத்தில் புற்றுநோய் தரும் சடுதிமாற்றம் நேர்ந்தாலும் அதன் அமைப்பு ஏறத்தாழ மாறுவதில்லை என்று ஓரிடத்தில் இருந்தது. அமைப்பு மாறாமல் செயல் எப்படி மாறும்? அறிந்தவர்கள் விளக்கினால் அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்வேன்.

படிகக்கல் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். புரதப் படிகவியலில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் மாணவி கேட்டது எங்கள் துறையின் மையத்தைத் தொடும் கேள்வி.

முதலில் ஒரு சிறு திருத்தம். கதிர் அரிவாள் ஹீமோகுளோபினிலும் மூலக்கூறின் மடிப்பு கெடுவதில்லை. ஒரு தனி மூலக்கூறை எடுத்துப் பார்த்தால் அது இயல்பான ஹீமோகுளோபினைப் போலவே மடிந்திருக்கும், ஆக்சிஜனையும் ஏற்கும். புறப்பரப்பில் நீரை விரும்பாத வேலின் துருத்திக்கொண்டிருப்பதும், ஆக்சிஜன் இறங்கிய நிலையில் அது பக்கத்து மூலக்கூறின் குழிவில் போய்ப் பொருந்திக்கொள்வதும், அப்படி ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகள் உருவாவதும்தான் அந்த நோய். ஆகவே "சடுதிமாற்றம் என்றால் உடைசல்" என்ற எண்ணத்தை அந்த எடுத்துக்காட்டிலேயே விட்டுவிடலாம். மாறிய அமினோ அமிலம் இருந்த இடத்துக்கு என்ன வேலை இருந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இனி ராஸ். மனிதப் புற்றுநோய் மரபணு ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலிருந்து வளர்த்த செல்களைப் பயன்படுத்தினார்கள். அந்த மரபணுவை எலியின் செல்களுக்குள் செலுத்தினால் அவையும் கட்டுப்பாடின்றிப் பெருகின. ராஸ் குடும்பத்தில் ஒன்றான எச்ராஸ்தான் அந்த மரபணு. ஆனால் ஆரோக்கியமான மனிதரிடமும் அதே எச்ராஸ் இருந்தது, அதைச் செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. வேறுபாடு எங்கே? ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட துண்டை வெட்டி, ஒட்டி, பகுதி பகுதியாக இடம் மாற்றிச் சோதித்து, கடைசியில் 1982இல் ராபர்ட் வைன்பெர்க், மரியானோ பார்பசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் மூன்று குழுக்களும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. 12ஆவது கோடான் ஜிஜிசி என்பதிலிருந்து ஜிடிசி ஆகியிருந்தது. ஒரே ஓர் எழுத்து. கிளைசின் இருந்த இடத்தில் வேலின். அவ்வளவுதான்.

ராஸ் புரதம் ஒரு சுவிட்ச். செல்லுக்கு வெளியிலிருந்து "வளர்" என்ற செய்தி வரும்போது அது இயங்கும் நிலைக்குப் போகும், செய்தியைக் கடத்திய பின் அணைந்துவிடும். இயங்கும் நிலையில் அது குவனோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும், அணைந்த நிலையில் குவனோசின் டைபாஸ்பேட்டை. இவ்விரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களையும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே "ஜிடிபி" என்று வந்து படிப்பவரைக் குழப்பும் என்பதால், முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்றே எழுதுகிறேன். வகுப்பிலும் அப்படியே சொல்லிப் பாருங்கள், எளிதாக இருக்கும்.

அணைவது என்றால் முப்பாஸ்பேட்டின் கடைசிப் பாஸ்பேட் அறுபட்டு விழுவது. இந்த வேலையைத் தனியாகச் செய்ய ராஸுக்குத் திறமை போதாது, பல பத்து நிமிடங்கள் ஆகும். அதற்கு உதவ ஒரு துணைப் புரதம் வருகிறது. அதை "அணைப்பான்" என்று அழைப்போம். அணைப்பான் ராஸை ஒட்டி நின்று, தன்னிடமுள்ள ஓர் ஆர்ஜினினை விரல்போல நீட்டி, முப்பாஸ்பேட் இருக்கும் குழிக்குள் நுழைக்கிறது. அந்த விரலில் உள்ள நேர்மின் சுமையும், ராஸின் 61ஆவது இடத்திலுள்ள குளுட்டமின் சரியான இடத்தில் நிறுத்தும் நீர் மூலக்கூறும் சேர்ந்தால் பாஸ்பேட் அறுபடும் வேகம் ஏறத்தாழ லட்சம் மடங்கு கூடுகிறது. டார்ட்மண்ட் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆல்பிரட் விட்டிங்ஹோஃபரின் குழு 1997இல் ராஸும் அணைப்பானும் சேர்ந்திருந்த படிகத்தின் அமைப்பை வெளியிட்டபோது அந்த விரலை நேரடியாகவே பார்க்க முடிந்தது.

அந்த அமைப்பைக் கணினித் திரையில் சுழற்றி 12ஆவது கிளைசினை நெருங்கிப் பாருங்கள். விரல் நுழையும் வழியில் அது உட்கார்ந்திருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜன் அணு மட்டும் உள்ளது கிளைசின் ஒன்றுதான். அங்கே அந்த ஹைட்ரஜனுக்குத்தான் இடமிருக்கிறது. ஒரே ஒரு கார்பன் கூடினாலும், அதாவது அலனின் வந்தாலும்கூட, விரலும் 61ஆவது குளுட்டமினும் தங்கள் இடத்துக்கு வர முடியாமல் இடிக்கும். ராஸ் தன் வடிவத்தில் கம்பீரமாகத்தான் இருக்கிறது, முப்பாஸ்பேட்டைப் பிடிக்கிறது, செய்தியையும் கடத்துகிறது. அதை அணைக்கத்தான் முடியவில்லை. உங்கள் மாணவியின் கேள்விக்கு இதுதான் விடை: புரதம் கெடவில்லை, அதை நிறுத்தும் ஏற்பாடு கெட்டிருக்கிறது. அதனால்தான் செல் சாகாமல் வளர்கிறது.

தும்பைப்பூ எழுதியது:

விளக்கம் அருமை. ஆனாலும் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடத்தை உயிர்வேதியியல் படித்த எவரும் மறக்க மாட்டார்கள். புரதத்தின் முதுகெலும்பில் உள்ள இரு சுழல் கோணங்களில் எந்தெந்தச் சேர்க்கைகள் இயலும், எவை அணுக்கள் இடிப்பதால் இயலாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மற்ற அமினோ அமிலங்களுக்கு மூடப்பட்ட பகுதிகளில் பெரும்பகுதி கிளைசினுக்கு மட்டும் திறந்திருக்கும். அப்படியிருக்க, கிளைசினை எடுத்துவிட்டு வேலினை வைத்தால் முதுகெலும்பே திரும்பித்தானே ஆக வேண்டும்? அமைப்பு மாறவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

படிகக்கல் எழுதியது:

தும்பைப்பூ அம்மா, ராமச்சந்திரன் வரைபடத்தை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி. பல புரதங்களில் கிளைசின் மாற்றம் தீங்கு செய்வது நீங்கள் சொல்லும் காரணத்தால்தான். வேறு எந்த அமினோ அமிலமும் தாங்க முடியாத வளைவில் கிளைசின் நிற்கும்போது அதை மாற்றினால் வளைவு நிமிர்ந்துவிடும். ஆனால் ராஸின் 12ஆவது இடத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே வேலின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், சிஸ்டீன் ஆகியவை வந்த வடிவங்களையெல்லாம் படிகமாக்கி இயல்பான வடிவத்தின்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதுகெலும்பு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது.

உங்கள் தர்க்கத்துக்கு உண்மையிலேயே இடம் தரும் அமினோ அமிலம் புரோலின். அதன் பக்கக் கிளை வளைந்து வந்து முதுகெலும்போடு இணைந்திருப்பதால் மற்றவற்றைப்போல அது நடந்துகொள்வதில்லை. 12ஆவது கிளைசினை ஒவ்வோர் அமினோ அமிலமாக மாற்றிச் சோதித்தபோது, புரோலினைத் தவிர மற்றவை அனைத்தும் செல்லைப் புற்றுநோய்ப் பாதைக்குத் தள்ளின. புரோலின் வந்த ராஸ் தானாகவே பாஸ்பேட்டை இயல்பான ராஸைவிடச் சற்று வேகமாக அறுக்கிறது.

இதில் ஆசிரியருக்குப் பயன்படும் ஒரு பயிற்சி இருக்கிறது. எச்ராஸின் உறவான கேராஸ் மரபணுவில் 12ஆவது கோடான் ஜிஜிடி, அதுவும் கிளைசின்தான். அதன் மூன்று எழுத்துகளில் ஒவ்வொன்றையும் மூன்று விதமாக மாற்றலாம், ஆக மொத்தம் 9 மாற்றங்கள். முதல் எழுத்து மாறினால் செரின், ஆர்ஜினின், சிஸ்டீன். இரண்டாம் எழுத்து மாறினால் ஆஸ்பார்ட்டிக் அமிலம், அலனின், வேலின். மூன்றாம் எழுத்து எதுவாக மாறினாலும் கிளைசினே. நோயாளிகளின் கட்டிகளில் இந்த ஆறு மாற்றங்களையும் காண்கிறோம். புரோலினுக்கான கோடான் சிசியில் தொடங்க வேண்டும், அதற்கு ஒரே நேரத்தில் இரண்டு எழுத்துகள் மாற வேண்டும். ஓர் எழுத்து மாற்றத்தில் தீங்கற்ற அமினோ அமிலத்துக்குப் போகும் வழியே இந்தக் கோடானில் இல்லை. இதை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்த நாளில் எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஆய்வகமேசை எழுதியது:

நான் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் மூலக்கூறுப் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றுகிறேன். மேலே சொன்ன ஓர் எழுத்தை எங்கள் மேசையில் எப்படிப் பார்க்கிறோம் என்று சொன்னால் மாணவர்களுக்கு உதவும் என நினைக்கிறேன்.

சாங்கர் முறையில் எழுத்து வரிசையைப் படிக்கும்போது திரையில் நான்கு நிற அலைகள் வரும். ஏ பச்சை, சி நீலம், ஜி கறுப்பு, டி சிவப்பு. இயல்பான கேராஸில் 12ஆவது கோடான் வரும் இடத்தில் இரண்டு கறுப்பு முகடுகளும் ஒரு சிவப்பு முகடும் அடுத்தடுத்து நிற்கும். ஜி12டி என்று நாங்கள் எழுதும் மாற்றம், அதாவது கிளைசின் போய் ஆஸ்பார்ட்டிக் அமிலம் வந்தது (இந்தப் பெயரில் ஜியும் டியும் அமினோ அமிலங்களின் குறிகள், டிஎன்ஏ எழுத்துகள் அல்ல), இருந்தால் இரண்டாவது கறுப்பு முகட்டின் அடியில் சிறிய பச்சை முகடு ஒன்று எழும்பும். கறுப்பு மறையாது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கட்டியில் எடுத்த திசுவில் இயல்பான செல்களும் கலந்திருக்கும், புற்றுநோய்ச் செல்லிலும் இரு பிரதிகளில் ஒன்று பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதுதான் காரணம்.

இதனால் ஒரு சிக்கலும் வருகிறது. மாறிய பிரதியின் பங்கு 15 முதல் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தப் பச்சை முகடு பின்னணி இரைச்சலில் கலந்துவிடும். ஆகவே முதலில் சாயமேற்றிய கண்ணாடித் துண்டை நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுநோய்ச் செல்கள் நெருங்கியிருக்கும் பகுதியைப் பேனாவால் வட்டமிட்டுத் தருவார். நாங்கள் பக்கத்து வெட்டிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் கத்தியால் சுரண்டி எடுப்போம். இப்போது பல ஆய்வகங்களில் இதைவிட நுட்பமான அடுத்த தலைமுறை வரிசைப்படுத்தல் வந்துவிட்டது. ஆனாலும் இந்த வட்டமிடும் வேலை ஒழியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திசுவைப் பாதுகாக்க ஃபார்மலினில் ஊறவைக்கிறோம். நீண்ட நாள் ஊறினால் டிஎன்ஏவிலுள்ள சைட்டோசின் சிதைந்து டி போலப் படிக்கப்படும். எதிர் இழையில் அது நடந்தால் இந்த இழையில் ஜி ஏவாகத் தெரியும். ஜிஜிடி என்பது ஜிஏடி ஆவதும் இதே வகை மாற்றம்தான். அதாவது நோயாளியிடம் இல்லாத ஜி12டியை ஃபார்மலினே உண்டாக்கிக் காட்டக்கூடும். முகடு சிறிதாக, ஐயத்துக்கு இடமாக இருந்தால் புதிதாக டிஎன்ஏ பிரித்து மறுபடி ஓட்டிப் பார்க்காமல் நாங்கள் கையெழுத்திடுவதில்லை. ஓர் எழுத்தை நம்பி ஒருவருக்கு மருந்து தரப்போகிறார்கள் என்ற நினைப்பு எப்போதும் எங்களுக்கு உண்டு.

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். நான் அறிவியல் படித்தவள் அல்லள். என் அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். அறிக்கையில் "கேராஸ் ஜி12டி" என்று இருந்ததைத் தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தேன். ஆய்வகமேசை எழுதிய பச்சை முகட்டைப் படித்தபோது அப்பாவின் எழுத்தையே பார்ப்பதுபோல இருந்தது. எனக்கு இரண்டு கேள்விகள். இது எனக்கும் என் தம்பிக்கும் வருமா? கேராஸுக்கு மாத்திரை வந்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறார், அது அப்பாவுக்குப் பொருந்துமா? தவறான இடத்தில் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

படிகக்கல் எழுதியது:

சகோதரி, கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன், ஆனால் உங்கள் இரு கேள்விகளிலும் அறிவியல் பகுதிக்கு விடை சொல்ல முடியும்.

கட்டியில் கண்ட கேராஸ் மாற்றம் அப்பாவின் கணையத்தில் ஏதோ ஒரு செல்லில், அவர் வாழ்நாளில் நேர்ந்தது. அவர் பிறந்தபோது அது இல்லை. ஆகவே அது பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. கணையக் குழாயில் தோன்றும் புற்றுநோய்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் கேராஸ் மாற்றம் இருக்கிறது, அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதும் ஜி12டிதான். ஆனால் கணையப் புற்றுநோய் வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு பிஆர்சிஏ2 போன்ற வேறு மரபணுக்களில் பிறப்பிலேயே மாற்றம் இருக்கும். அது குடும்பத்துக்குள் வரக்கூடியது. அதைக் கண்டறிய இரத்தத்திலோ உமிழ்நீரிலோ தனிப் பரிசோதனை உண்டு. அது தேவையா என்று அப்பாவின் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். கையில் உள்ள அறிக்கை அந்தக் கேள்விக்கு விடை சொல்லாது.

மாத்திரையைப் பொறுத்தவரை, உறவினர் சொன்னதில் பாதி சரி. ராஸைப் பிடிக்க மருந்தே செய்ய முடியாது என்று முப்பது ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். முப்பாஸ்பேட்டை அது அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, செல்லுக்குள்ளும் முப்பாஸ்பேட் நிறைந்து கிடக்கிறது. அதோடு போட்டியிட எந்தச் சேர்மத்தாலும் முடியவில்லை. மேற்பரப்பும் மருந்து ஒட்டிக்கொள்ளக் குழியில்லாமல் வழவழப்பாக இருந்தது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட்டின் குழு வேறு வழியைக் கண்டது. 12ஆவது இடத்தில் சிஸ்டீன் வந்த ராஸில், அதாவது ஜி12சியில், அந்தச் சிஸ்டீனின் கந்தக அணுவோடு நிலையான பிணைப்பு ஏற்படுத்தும் சேர்மங்களைத் தேடினார்கள். அப்படி ஒட்டிய சேர்மம், அதுவரை எந்தப் படிக அமைப்பிலும் தெரியாத ஒரு குழிவைத் திறந்து உள்ளே அமர்ந்தது. ராஸ் இருபாஸ்பேட் பிடித்த அணைந்த நிலையிலேயே பூட்டப்பட்டது. இதன் வழியில் வந்த சோட்டோராசிப் 2021 மே மாதத்திலும் அடாகிராசிப் 2022 டிசம்பரிலும் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றன.

இந்த மருந்துகளுக்குக் கொக்கி அந்தக் கந்தக அணுதான். ஆஸ்பார்ட்டிக் அமிலத்தில் கந்தகம் இல்லை. ஆகவே ஜி12சிக்கான மாத்திரை ஜி12டிக்கு வேலை செய்யாது. ஒரே மரபணு, ஒரே கோடான், பக்கத்துப் பக்கத்து எழுத்து, ஆனாலும் மருந்து வேறு. இதை எழுதக் கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்தாத மாத்திரைக்காக நீங்கள் பணமும் நாளும் செலவழிக்கக் கூடாது. ஜி12டியையும், ராஸின் எல்லா வடிவங்களையும் குறிவைக்கும் புதிய சேர்மங்கள் மருத்துவ ஆய்வுகளில் இருக்கின்றன. அப்பாவின் உடல்நிலைக்கு அப்படி ஓர் ஆய்வில் சேர வாய்ப்புண்டா என்று புற்றுநோய் மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்: "ஜி12டிக்கான ஆய்வு ஏதாவது நடக்கிறதா?"

ஆய்வகமேசை எழுதியது:

சகோதரி, ஒரு சிறு குறிப்பு மட்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அறிக்கையோடு, திசு மெழுகுக் கட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்த ஆய்வில் சேர்வதற்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். குடும்பத்தார் கேட்டால் ஆய்வகம் முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடும்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நாளை மறுநாள் மருத்துவரைப் பார்க்கிறோம். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

கரிசல்மண் எழுதியது:

சகோதரி, அப்பா நலம்பெற வேண்டுகிறேன். ஒரு வகுப்பறைச் சந்தேகத்தைத் தொடங்கி வைத்த எனக்கு, அதன் மறுபுறம் ஒரு குடும்பம் இருப்பது இப்போதுதான் உறைக்கிறது.

படிகக்கல் ஐயாவுக்கு அடுத்த கேள்வி. ராஸில் புரதம் கெடவில்லை என்று புரிந்துவிட்டது. அப்படியானால் சடுதிமாற்றத்தால் மெய்யாகவே மடிப்பு குலைந்துபோகும் புரதம் புற்றுநோயில் உண்டா?

படிகக்கல் எழுதியது:

உண்டு. பி53 என்ற புரதத்தை அதற்கென்றே படைத்தாற்போல இருக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்த மரபணு மாறியிருக்கிறது. ராஸ் வளர்ச்சியைத் தூண்டுவது என்றால், பி53 அதைத் தடுப்பது. டிஎன்ஏ சேதமடைந்தால் செல் பிரிவதை நிறுத்திப் பழுதுபார்க்க நேரம் வாங்கித் தரும், முடியாவிட்டால் செல்லைச் சாகவைக்கும். இதைச் செய்ய அது டிஎன்ஏவைப் பிடித்துச் சில மரபணுக்களை இயக்க வேண்டும். 393 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியின் நடுப்பகுதிதான் டிஎன்ஏவைப் பிடிக்கும் கை. நோயாளிகளிடம் காணும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கையில்தான் விழுகின்றன.

1994இல் நியூயார்க்கில் நிகோலா பாவ்லெடிச்சின் குழு அந்தப் பகுதி டிஎன்ஏவோடு சேர்ந்திருக்கும் அமைப்பைத் தீர்த்தபோது, அதிகம் மாறும் இடங்கள் இரு வகையாகப் பிரிந்தன. 248ஆவது, 273ஆவது ஆர்ஜினின்கள் டிஎன்ஏவை நேரடியாகத் தொடுபவை. அவை போனால் புரதத்தின் மடிப்பு பெரிதும் அப்படியே இருக்கும், பிடிமானம் மட்டும் போய்விடும். 175ஆவது ஆர்ஜினினோ டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. அது ஒரு துத்தநாக அணுவைச் சுற்றியுள்ள மடிப்பைத் தாங்கி நிற்கிறது. அந்தத் துத்தநாகத்தை மூன்று சிஸ்டீன்களும் ஒரு ஹிஸ்டிடினும் பிடித்திருக்கின்றன. 175ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால் துத்தநாகம் நழுவுகிறது, அதைச் சுற்றிய வளையங்கள் தளர்ந்து கை விரிந்துபோகிறது. உங்கள் மாணவி "கெட்டுப்போவது" என்று சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து நடக்கிறது.

பி53 இவ்வளவு எளிதாகக் குலைவதற்குக் காரணம், அது இயல்பிலேயே உறுதி குறைந்த புரதம். அதன் நடுப்பகுதி 44 அல்லது 45 டிகிரி செல்சியஸில் குலைந்துவிடும். நம் உடல் வெப்பம் 37. இடைவெளி மிகக் குறுகியது. வேறொரு புரதம் தாங்கிக்கொள்ளும் சிறு தளர்வு இதைக் கவிழ்த்துவிடும்.

இந்தத் தளர்வைத் திரும்ப இறுக்க முடியுமா என்பதுதான் இப்போது பலர் முயலும் வேலை. 220ஆவது டைரோசின் போய் அதைவிடச் சிறிய சிஸ்டீன் வந்தால், டிஎன்ஏவிலிருந்து விலகிய பக்கத்தில் மேற்பரப்பில் ஒரு பள்ளம் விழுகிறது, புரதம் தள்ளாடுகிறது. கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட்டின் குழு 2008இல் அந்தப் பள்ளத்துக்குள் பொருந்தும் சிறு மூலக்கூறு ஒன்றைக் காட்டியது. சுவரில் விழுந்த ஓட்டையில் கல்லைச் செருகுவதுபோல அது உள்ளே அமர்ந்து மடிப்பைத் தாங்குகிறது. அதே பள்ளத்தைக் குறிவைக்கும் சேர்மம் இன்று நோயாளிகளிடம் சோதிக்கப்படுகிறது. நோய் உண்டாக்கிய ஓட்டையே மருந்துக்கு வாசலாவதை நான் இன்னமும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

தும்பைப்பூ எழுதியது:

புரோலின் விஷயத்தில் நான் திருத்தம் பெற்றதை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். பி53 பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். 175, 248, 273 ஆகிய மூன்று இடங்களும் ஆர்ஜினினாக இருப்பது தற்செயல் அல்ல. மூன்றின் கோடானும் சிஜியில் தொடங்குகிறது. நம் டிஎன்ஏவில் சியை அடுத்து ஜி வந்தால் அந்தச் சியில் மெத்தில் தொகுதி ஏறுவது வழக்கம். அப்படி ஏறிய சி காலப்போக்கில் தானாகவே டியாகிவிடும். ஆகவே அமைப்பில் எந்த இடம் முக்கியம் என்பது பாதி விடை, எந்த எழுத்து எளிதில் மாறும் என்பது மறுபாதி. ஃபார்மலினில் நடப்பதாக ஆய்வகமேசை சொன்னதன் உறவுமுறைதான் இது, உடலுக்குள் பல பத்தாண்டுகளில் மெதுவாக நடக்கிறது.

வெளியிலிருந்து வரும் நஞ்சும் தன் கையெழுத்தை விட்டுச்செல்லும். புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன் ஜியை டியாக்குகிறது. நுரையீரலில் ஜிஜிடி டிஜிடியாகி ஜி12சி மிகுதியாக வருவது புகைப்பவர்களிடம்தான். பூஞ்சணம் பிடித்த தானியங்களிலும் நிலக்கடலையிலும் வரும் அஃப்ளாடாக்சினும் அப்படியே. சீனாவின் சிடாங் பகுதியிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் பி53ஐப் படித்தபோது, 249ஆவது கோடானில் ஏஜிஜி ஏஜிடியாகி, ஆர்ஜினின் செரினாக மாறியிருப்பது திரும்பத் திரும்பக் கிடைத்தது. 1991இல் அது வெளிவந்தது.

கரிசல்மண் எழுதியது:

ஏஜிஜி ஏஜிடியாவது மூன்றாம் எழுத்து மாற்றம் அல்லவா! மூன்றாம் எழுத்து மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று இதுவரை வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். இனி "கோடானைப் பொறுத்தது" என்று திருத்திச் சொல்கிறேன்.

படிகக்கல் எழுதியது:

ஆம் ஐயா. உங்கள் முதல் எடுத்துக்காட்டோடு சேர்த்துச் சொல்ல இன்னொன்று. கதிர் அரிவாளில் ஜிஏஜி ஜிடிஜியாகிறது. அதை அப்படியே திருப்பிப் போட்டால், ஜிடிஜி ஜிஏஜியாகும். பிராஃப் என்ற நொதியின் 600ஆவது இடத்தில் இதுதான் நடக்கிறது. அங்கே வேலின் போய்க் குளுட்டாமிக் அமிலம் வருகிறது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தார் 2002இல் இதை வெளியிட்டனர். தோலில் வரும் மெலனோமாவில் ஏறத்தாழப் பாதிக்கு இந்த மாற்றம் உண்டு. பிராஃப் ராஸுக்கு அடுத்த படியில் நின்று அதே வளர்ச்சிச் செய்தியை மேலே கடத்துவது. அது இயங்க, அந்த வேலினுக்கு அருகில் எதிர்மின் சுமையுள்ள பாஸ்பேட் வந்து ஒட்ட வேண்டும். குளுட்டாமிக் அமிலத்திலும் எதிர்மின் சுமை இருப்பதால், பாஸ்பேட் வராமலேயே வந்துவிட்டதாக நொதி ஏமாறுகிறது, பல நூறு மடங்கு வேகத்தில் ஓயாமல் இயங்குகிறது. ராஸில் அணைக்கும் வழி அடைபட்டது. இங்கே இயக்கும் சாவியே போலியாக உள்ளே செருகப்பட்டிருக்கிறது.

ஆனால் படிகவியலாளன் என்ற முறையில் என் துறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இந்த நொதியைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011இல் வந்து மெலனோமாவில் கட்டிகளைச் சுருக்கியது. அதே எழுத்து மாற்றமுள்ள பெருங்குடல் புற்றுநோயில் தனியாகக் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புரதம் அதே புரதம், மாற்றமும் அதே மாற்றம். பெருங்குடல் செல்லில் பிராஃபை அடைத்தவுடன் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி விழித்துக்கொண்டு வேறு வழியாகச் செய்தியை அனுப்புகிறது என்று 2012இல் தெரியவந்தது. அங்கே இரண்டையும் சேர்த்தே அடைக்க வேண்டியிருக்கிறது. அமைப்பை எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும், அந்தப் புரதம் எந்தச் செல்லில் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது படிகத்தில் தெரியாது.

கரிசல்மண் எழுதியது:

இன்று வகுப்பில் அந்த 9 மாற்றங்களையும் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். கோடான் அட்டவணையைப் பார்த்துப் பார்த்து நிரப்பினார்கள். கேள்வி கேட்ட அதே மாணவி, நான் சொல்லாமலே, "ஐயா, இதில் புரோலின் வரவே இல்லையே" என்றாள். வகுப்பு முடியும்போது இன்னொன்றும் கேட்டாள்: "ஜிஜிடி ஜிஜிஏவானாலும் கிளைசின்தான். அப்படியென்றால் அமினோ அமிலம் மாறாத மாற்றத்துக்குப் புற்றுநோயில் எந்தப் பங்கும் இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா?" இந்த முறையும் "நாளை சொல்கிறேன்" என்றுதான் வந்திருக்கிறேன்.

படிகக்கல் எழுதியது:

அப்படி எழுதிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். கேராஸிலேயே அதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது, அதுவும் அவள் கேட்ட அதே ஜிஜிடி, ஜிஜிஏதான்.

60ஆவது கோடான் ஜிஜிடி, 61ஆவது சிஏஏ. 61இல் சி ஏவாக மாறினால் ஏஏஏ, அதாவது லைசின், வரும். குளுட்டமின் போய்விட்டதால் ராஸ் அணையாது, கட்டிக்கு அது ஆதாயம். ஆனால் இப்போது இரண்டு கோடான்களையும் சேர்த்துப் படித்தால் ஜிஜிடிஏஏஏ என்று வருகிறது. ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் இயந்திரம் "இங்கே வெட்டு" என்று அறியும் அடையாளம் ஏறத்தாழ இதேதான். அது அங்கே வெட்டிவிடுகிறது, செய்தி குறைபட்டு முழுப் புரதமே உருவாவதில்லை. ஆகவே அந்த மாற்றம் மட்டும் நேர்ந்தால் கட்டிக்குப் பயனில்லை. இந்த மாற்றம் உள்ள கட்டிகளைப் படித்தபோது, கூடவே 60ஆவது கோடானின் மூன்றாம் எழுத்தும் மாறியிருந்தது, பெரும்பாலும் ஜிஜிடி ஜிஜிஏவாக. அமினோ அமிலம் கிளைசின்தான், ஆனால் வெட்டும் அடையாளம் அழிந்துவிடுகிறது, முழு ராஸ் உருவாகிறது. பாஸ்டனில் டானா-ஃபார்பர் நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் இதை வெளியிட்டார்கள். வெட்டும் அடையாளத்தைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியையே குறிவைத்து மருந்து செய்ய முடியுமா என்றும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆய்வகமேசை எழுதியது:

எங்கள் பழைய படிவத்தில் அமினோ அமிலம் மாறாத மாற்றங்களுக்குக் கட்டமே கிடையாது, பார்த்தாலும் எழுதாமல் விட்டுவிடுவோம். படிகக்கல் ஐயா சொன்னதைப் படித்தபின் 61இல் லைசின் வந்த பழைய கோப்புகள் இரண்டைத் திறந்து பார்த்தேன். இரண்டிலும் அதற்கு முந்தைய முகட்டில் சிவப்புக்கு அடியில் பச்சை இருக்கிறது. ஆசிரியர் ஐயா, நோயாளியின் அடையாளம் எதுவும் தெரியாதபடி அந்த அலைவரைபடத்தின் படத்தை அனுப்ப எங்கள் தலைமை மருத்துவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தவுடன் இங்கேயே பதிகிறேன், உங்கள் மாணவிக்குக் காட்டுங்கள்.